ஒண்ணும் பண்ணாது சார்!

லிஃப்ட் கதவு திறக்கிறது. உள்ளே முப்பத்தைந்து கிலோ லாப்ரடார் ஒன்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது. சங்கிலியைப் பிடித்திருக்கும் மூன்றாம் மாடிக்காரர் கைப்பேசியில் மூழ்கியிருக்கிறார். நாய் முன்னங்கால் இரண்டையும் தூக்கி உங்கள் மார்பில் வைக்கிறது. வெள்ளைச் சட்டையென்றால் கூடுதல் பிரியத்தோடு வைக்கிறது. அப்போதும் அவர் சங்கிலியை இழுப்பதில்லை. தலையை மட்டும் நிமிர்த்தி அருள்வாக்கு சொல்கிறார்: "ஒண்ணும் பண்ணாது சார்."

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டு படித்துவிட்டு வந்த மருத்துவர்கூட முன்பின் தெரியாத ஒரு நாயைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்லத் துணியமாட்டார். முதலில் தடுப்பூசி அட்டையைக் கேட்பார். முறைக்கிற நாயென்றால் வாயைக் கட்டச் சொல்லிவிட்டுத்தான் கிட்டே போவார். நம் மூன்றாம் மாடிக்காரருக்கு அட்டையும் வேண்டாம், கட்டும் வேண்டாம். "போன மாசம் கூரியர் தம்பியைக் கடிச்சுதே?" என்று கேட்டுப் பாருங்கள். "அவன் ஓடினான் சார், ஓடினா துரத்தத்தான் செய்யும்." "ஓடாம நின்ன ரெண்டாம் மாடிப் பாட்டி?" "அவங்க கையில குச்சி இருந்துச்சு." அது கைத்தடி. எண்பது வயதுப் பாட்டிகள் அப்படி ஒன்றை வைத்திருப்பது ஊர் வழக்கம். "சரி, பால்காரர்?" "அவருக்கு உள்ளுக்குள்ள பயம் சார். இதுக்கு வாசனையிலயே தெரிஞ்சுடும்." ஓடியவன் குற்றவாளி, நின்றவர் குற்றவாளி, ஓடவும் செய்யாமல் முறைக்கவும் செய்யாமல் மனசுக்குள் பயந்தவரும் குற்றவாளி. கடிபட்ட ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தப்புக்குத் தண்டனையைப் பல் தடமாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நாயைத் திட்ட இதை எழுதவில்லை. குடிவரும்போது அசோசியேஷன் விதிமுறையில் அது கையெழுத்துப் போடவில்லை. மூத்திரம் வந்தால் அதற்குக் கார் டயர் தெரியும், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டவர், நாலெழுத்துப் படித்தவர், டிராஃபிக் போலீஸைக் கண்டதும் பெட்ரோல் டாங்க் மேலிருக்கும் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ளத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் பேச்சு.

அவருடைய காலை ஆறு மணியைப் பார்க்க வேண்டும். நாயின் சங்கிலியில் எலும்பு வடிவத்தில் சின்ன டப்பா ஒன்று தொங்கும். உள்ளே மலத்தை அள்ளுவதற்கான பைகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். வாங்கிய நாளிலிருந்து அந்தச் சுருளில் ஒரு பை குறைந்ததாக வரலாறு கிடையாது. பிள்ளைகளின் சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் நாய் குந்துகிற அந்த அரை நிமிடம் இவருக்கு வானத்தில் ஏதோ அவசர வேலை வந்துவிடும். நாய் எழுந்ததும் வானத்து வேலையும் முடிந்துவிடும். இருவரும் நடப்பார்கள். யாராவது கேட்டால் பதில் தயார்: "சதுர அடிக்கு நாலு ரூபா மெயின்டனன்ஸ் எதுக்குக் கட்டறோம்? ஹவுஸ்கீப்பிங் இருக்காங்கல்ல?"

இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் அனுப்புகிற பெண்கள். கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் விடிவதற்கு முன்பே கிளம்பி வருகிறவர்கள். ஊருக்கு நடுவில் ஆற்றங்கரையில் இருந்த அவர்களுடைய குடிசைகளை இடித்து, நகரத்தின் ஓரத்தில் கொண்டுபோய் மாடி மாடியாக அடுக்கிவிட்டு, அதே நகரத்தைக் கூட்டுவதற்குக் காலையில் வரச் சொல்லியிருக்கிறோம். கையுறை கேட்டால் சூப்பர்வைசர் அடுத்த மாதம் என்கிறார். அதனால் அட்டைத் துண்டு ஒன்றை மடித்து அள்ளுகிறார்கள். மனித மலத்தை மனிதர் அள்ளக் கூடாது என்று 1993-இல் ஒரு சட்டம் வந்தது, 2013-இல் இன்னொன்று வந்தது. நாய் மலம் அதற்குள் வராது. அள்ளுகிறவர்கள் எந்தத் தெருவில் பிறந்தவர்கள் என்று இந்த அடுக்ககத்தில் யாரும் கேட்பதில்லை. அவ்வளவு நாகரிகம். கேட்காமலே தெரிந்து வைத்திருக்கும் விஷயத்தை எதற்குக் கேட்க வேண்டும்?

நாயின் பெயர் ப்ரூனோ. நூற்று இருபது வீட்டுக்கும் தெரியும். பிறந்த நாளும் தெரியும், கேக் வெட்டிக் கொடுத்தார்கள். அதன் மலத்தை அள்ளுகிற அம்மாவின் பெயர் ஹவுஸ்கீப்பிங்.

நான்காம் மாடியில் வேறு கதை. அங்கே ஒரு சைபீரியன் ஹஸ்கி. உறைபனியில் வண்டி இழுப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த இனம். உடம்பில் இரண்டு அடுக்கு ரோமம். அக்கினி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் சென்னையில், மேற்குப் பார்த்த பால்கனியில் அதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் ஓஎம்ஆரில் கணினி வேலை. காலை ஒன்பதுக்குப் போனால் இரவு ஒன்பது. தங்களை அவர்கள் உரிமையாளர் என்று சொல்லிக்கொள்வதில்லை, அது பழைய காலம். அவர்கள் 'பெட் பேரண்ட்ஸ்'. பெற்ற பிள்ளையைப் பன்னிரண்டு மணி நேரம் பால்கனியில் பூட்டிவிட்டுப் போயிருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யாராவது போன் செய்திருப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு அந்த எண் கிடையாது. அதனால் அது தானே ஊளையிடுகிறது. ஹஸ்கிக்குக் குரைப்பதைவிட ஊளைதான் இயல்பாக வரும். இழுத்து, ஏற்றி, இறக்கி, எழவு வீட்டு ஒப்பாரியாக மத்தியானம் முழுக்க. எதிர் வீட்டில் இரவுப் பணி முடித்துவிட்டு வந்த நர்ஸ் ஒருவர் தூங்க முயன்றுகொண்டிருக்கிறார். ஒரு நாள் கதவைத் தட்டிக் கேட்டார். கிடைத்த பதில்: "நீங்க அனிமல் லவர் இல்லையா சிஸ்டர்?"

இதற்குச் சட்டம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவில் அழகாகச் சொல்லியிருக்கிறது. எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை அதன் சொந்தக்காரர் போதிய அளவு நடமாட விடாமல் இருந்தால் அது குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய். நீதிபதிக்கு மிகவும் கோபம் வந்தால் 50 ரூபாய் வரை போகலாம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று, விலைவாசி ஏறாத ஒரே இடம் அந்தப் பிரிவுதான். நாய்க்கு வாங்குகிற வெளிநாட்டு பிஸ்கட் பொட்டலத்தில் ஒரு கைப்பிடி கூட அந்தப் பணத்துக்கு வராது.

நம் வெயிலுக்கென்றே உடம்பு வாய்த்த ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் நம்மிடமே இருக்கின்றன. ராஜபாளையத்துக்கு 2005-இல் மத்திய அரசு தபால் தலையே போட்டது. தபால் தலைக்குப் போதுமான அழகு இன்ஸ்டாகிராமுக்குப் போதவில்லை போலிருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு நாய் பிடிக்காதவர்களை விட்டுவிட்டால் நியாயமில்லை. எங்கள் தரைத்தளத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருக்கிறார். அடுக்ககத்தில் நாயே கூடாது என்று வாரம் ஒரு மனு எழுதுவார். சுத்தம், சுகாதாரம், அமைதி மூன்றும் அவருடைய மனுவில் தவறாமல் வரும். அவருடைய காரோ இரண்டு கார் நிற்கும் இடத்தில் குறுக்காக நிற்கும். ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் வீட்டில் சுவரைத் துளைப்பார்கள். ஆடி மாதம் முழுக்க அவருடைய ஒலிபெருக்கியிலிருந்து அம்மன் இறங்கமாட்டாள். "பிஸ்கட்ல ஏதாவது வச்சுட வேண்டியதுதான்" என்று அவர் செக்யூரிட்டியிடம் சொன்னதைப் பலர் கேட்டிருக்கிறார்கள். பிராணியை நஞ்சு வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சம்ஹிதா 325-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் வைக்கப் போவதில்லை. "நீ வைப்பா" என்று செக்யூரிட்டியிடம்தான் சொல்வார். மாதம் பன்னிரண்டாயிரம் வாங்கும் அந்தப் பெரியவர் சிறைக்கும் போய்விட்டு வந்து கேட்டையும் திறந்துவிட வேண்டும்.

மூன்றாம் மாடியும் தரைத்தளமும் வேறெதிலும் ஒத்துப்போவதில்லை. இந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமை: சிக்கல் எதுவானாலும் செக்யூரிட்டியைக் கூப்பிடு. நாய் அவிழ்ந்து ஓடினால் செக்யூரிட்டி பிடிக்க வேண்டும். குரைத்தால் செக்யூரிட்டி போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் "உன் வேலையைப் பாரு" என்று கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

அசோசியேஷன் கூட்டத்தில் நாய் விவகாரம் வந்ததும் மூன்றாம் மாடிக்காரர் எழுந்து ஒரு தாளை ஆட்டுவார். இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட சுற்றறிக்கை. அந்தச் சுற்றறிக்கை பிறந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. நாய் வைத்திருக்கிறாய் என்பதற்காகவே வீட்டைக் காலி செய்யச் சொன்ன சங்கங்கள், தண்ணீரை நிறுத்துவதாக மிரட்டிய சங்கங்கள் எல்லாம் இந்த நாட்டில் இருந்தன, இருக்கின்றன. அதனால் வாரியம் தெளிவாகச் சொன்னது: வளர்ப்பு நாயை அடுக்ககத்தில் தடை செய்ய முடியாது, குரைப்பதைக் காரணம் காட்டி வெளியேற்ற முடியாது, லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்று சொல்ல முடியாது, லிஃப்ட்டுக்குத் தனிக் கட்டணமும் கேட்க முடியாது. அதே சுற்றறிக்கையில் நாய் வளர்ப்பவருக்கும் புத்திமதி இருக்கிறது. தடுப்பூசி போடு, பொது இடத்தில் கட்டிக் கூட்டிப் போ, சுத்தத்தைப் பார்த்துக்கொள், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொல்லையாக இராதே என்று. மூன்றாம் மாடிக்காரருடைய தாளில் அந்தப் பக்கம் அச்சாகவில்லை.

லிஃப்ட் என்று வந்ததும் எனக்குக் கோபம் வருகிறது, எழுதிவிடுகிறேன். இந்த நகரத்தின் பல அடுக்ககங்களில் வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள் குடியிருப்போர் லிஃப்ட்டில் ஏறக் கூடாது. பலகையே வைத்திருக்கிறார்கள்: வேலையாட்கள், டெலிவரி ஆட்கள் சர்வீஸ் லிஃப்ட்டை மட்டும் பயன்படுத்தவும். அது ஓடாத நாளில் ஒன்பது மாடியும் படி ஏற வேண்டும். முட்டி தேய்ந்த ஐம்பது வயதுப் பெண் மூன்று மாடி ஏறிப் போய், ப்ரூனோ தின்ற தட்டைக் கழுவி வைக்கிறார். ப்ரூனோ கண்ணாடி பதித்த லிஃப்ட்டில் குளுகுளுவென்று இறங்குகிறது. ப்ரூனோவை யாராவது தடுத்தால் காட்டுவதற்குச் சுற்றறிக்கை இருக்கிறது, அரசியல் சாசனத்தின் 51ஏ(ஜி) பிரிவு இருக்கிறது, எல்லா உயிரிடமும் கருணை காட்டுவது குடிமகனின் கடமை என்று. அந்தக் கருணை அந்த அம்மா வந்து நிற்கும்போது மட்டும் லிஃப்ட் கதவை மூடிக்கொள்கிறது. நாய்க்குக் கிடைத்ததை நான் பறிக்கச் சொல்லவில்லை. அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே தினமும் ஏறி இறங்குகிற 'அனிமல் லவர்' ஒருவருக்கும் இதுவரை கூச்சமே வரவில்லையே, அதைச் சொல்கிறேன்.

அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். அரசாங்கம் காத்திருக்கிறது. யாராவது கடிபடும் வரை காத்திருக்கிறது. சென்னையில் வீட்டு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம், கட்டணம் ஆண்டுக்கு 50 ரூபாய் என்பது 2024 மே மாதம் வரை நாய் வைத்திருந்த பலருக்குத் தெரியவே தெரியாது. அந்த மே 5-ஆம் தேதி, ஆயிரம் விளக்கு மாதிரிப் பள்ளிச் சாலையில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. தலையில் பலத்த காயம். அந்தப் பூங்காவிலேயே தங்கிக் காவல் காத்தவரின் மகள் அவள். பூங்கா அவளுக்கு வீட்டு வாசல். அந்த வாசலில்தான் நாய்கள் கட்டில்லாமல் வந்தன. அதன் பிறகுதான் உரிமம் என்ற ஒன்று இருப்பது எல்லோருக்கும் நினைவு வந்து, விண்ணப்பங்கள் குவிந்தன.

அதற்கு முன்பு மார்ச்சில், ஆபத்தான 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. யாரையும் கலந்து பேசாமல் எழுதியது என்று ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் தமிழக அரசும் 23 இனங்களுக்குத் தடை என்றது. அறிவிப்பின் சூடு ஆறுவதற்குள் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிறகு மாநகராட்சியில் மைக்ரோசிப் என்றார்கள். 2025 கடைசியில் உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று கெடு வைத்தார்கள், கெடுவை நீட்டித்தார்கள். மைக்ரோசிப் நாயின் கழுத்துத் தோலுக்கடியில் பத்திரமாக இருக்கும். நாய் யாருடையது என்பதைச் சொல்லும். சங்கிலியை யார் கைவிட்டார் என்பதைச் சொல்லாது.

போலீஸிடம் போகலாம். பாரதிய நியாய சம்ஹிதா 291: தன் பிராணியால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் காகிதத்தில் கம்பீரமாகத்தான் நிற்கிறது. ஸ்டேஷனில் எழுத்தர் புகாரைப் படித்துவிட்டு நிமிர்கிறார். "ஒரே பில்டிங்தானே சார்? நாளைக்கும் மூஞ்சியில முழிக்கணுமில்ல? பேசி முடிச்சுக்குங்க." பேசித்தான் பார்த்தோம் என்கிறீர்கள். "இன்னொரு வாட்டி பேசிப் பாருங்க."

பேசுகிற நிலையில் எல்லோரும் இருப்பதில்லை. 2023 ஜனவரியில் ஹைதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் உணவுப் பொட்டலம் கொண்டுபோன 23 வயது இளைஞர் கதவைத் தட்டினார். திறந்ததும் ஜெர்மன் ஷெப்பர்ட் பாய்ந்தது. பயந்து ஓடியவர் மூன்றாம் மாடியிலிருந்து குதித்தார். சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். 2022 செப்டம்பரில் காஜியாபாத்தில் ஒரு லிஃப்ட்டுக்குள் சிறுவனை நாய் கடித்தது. சங்கிலியைப் பிடித்திருந்த பெண்மணி, வலியில் துள்ளுகிற பிள்ளையை நின்று பார்த்துவிட்டு, தன் தளம் வந்ததும் நாயோடு இறங்கிப் போனார். லிஃப்ட்டின் கேமராவில் எல்லாம் பதிவாகி நாடே பார்த்தது. குனிந்து அந்தப் பையனின் காலை ஒரு தடவை பார்த்திருக்கலாம். அதற்குச் சட்டமும் வேண்டாம், சுற்றறிக்கையும் வேண்டாம். மாநகராட்சி 5,000 ரூபாய் அபராதம் போட்டது.

எங்கள் அடுக்ககத்துக்கு வருகிறேன். ப்ரூனோ கடைசியில் ஹவுஸ்கீப்பிங்கைக் கடித்தது. அவர் குனிந்து அதன் மலத்தை அள்ளிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, கெண்டைக்காலில். "குனிஞ்சா கல்லெடுக்கறாங்கன்னு நினைச்சுக்கும் சார்" என்று விளக்கம் வந்தது. குனியாமல் அள்ளும் வித்தை தெரிந்திருந்தால் அந்த அம்மா தப்பித்திருப்பார். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்பதை எதிர் வீட்டு நர்ஸ்தான் சொல்லி, கழுவியும் விட்டார். தூக்கம் கெட்டது அன்றைக்கு மட்டும் ஒருவருக்கு உதவியது. மூன்றாம் மாடிக்காரர் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டி, "ஒரு டிடி போட்டுக்கோம்மா" என்றார். டிடி ஊசி ஆணி குத்தினால் போடுவது. வெறிநோய் வந்துவிட்டால் பிழைத்து எழுவது அநேகமாகக் கிடையாது என்பதும், அதற்கு வேறு ஊசி என்பதும், நாய்க்கு மாதம் பத்தாயிரம் செலவு செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தடுப்பூசி அட்டையைக் கேட்டோம். தேடிக்கொண்டிருக்கிறார்.

அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். கடிபட்ட அன்று ஒன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். ஊசிதான் இலவசம், நாள் இலவசமில்லை. வரிசையில் நின்று வாங்கி வருவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். வேலைக்கு வராத நாளுக்கு ஒப்பந்தக்காரர் கூலியைப் பிடித்துக்கொள்கிறார்.

அசோசியேஷன் அவசரக் கூட்டம் போட்டது. தரைத்தள அதிகாரி எல்லா நாயையும் வெளியேற்றச் சொன்னார். மூன்றாம் மாடிக்காரர் தாளை ஆட்டினார். இரண்டு மணி நேரம் கத்திவிட்டு, ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறது: துப்புரவுப் பணியாளர்கள் வளர்ப்புப் பிராணிகளுக்கு எரிச்சலூட்டும் வகையில் நடந்துகொள்ளக் கூடாது. காலை எட்டு மணிக்கு முன்பு புல்வெளிப் பகுதிக்கு அவர்கள் வர வேண்டாம். எட்டு மணிக்குப் புல்வெளி சுத்தமாக இருக்க வேண்டும்.

28-ஆம் நாள் ஊசிக்கு மட்டும் அவருக்கு விடுப்புத் தர முடியாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அடுக்ககத்தில் 'பெட் கார்னிவல்'. பக்கத்து அடுக்ககங்களிலிருந்தும் நாற்பது நாய் வருகிறது, அள்ளுவதற்கு ஆள் வேண்டும்.